டப்பிங்கில் மாற்றிக்கொள்ளலாம்

அயனம்பாக்கத்தில், ஏரிக்கு இரண்டு தெரு தள்ளிக் குடியிருக்கும் ஜேசுராஜுக்கு ஊரெல்லாம் பிள்ளைகள். அந்தப் பக்கத்துக் கல்லூரிகளில் படித்த பையன்களில் பாதிப் பேர் அவரை ஒரு முறையாவது அப்பாவாகப் பார்த்திருப்பார்கள். மகனை நம்பி ஏமாந்த அப்பா, மகனின் காதலுக்குக் குறுக்கே நின்ற அப்பா, முதியோர் இல்லத்து ஜன்னலில் எட்டிப் பார்க்கும் அப்பா. 'செகண்ட் ஷிப்ட் பிக்சர்ஸ்' என்ற யூடியூப் சேனலில் வந்த குறும்படம் எதுவானாலும், அதில் அப்பா என்று ஒருவர் இருந்தால் அது ஜேசுராஜ்தான். அந்தச் சேனலுக்கு வேறு அப்பா கிடையாது. சொந்தமாக அவருக்கு இருந்தது ரெனிதா என்ற ஒரே மகள்.

அவர் நடிகரான விதமே வேடிக்கைதான். இளவட்டமாக இருந்த காலத்தில் பங்குக் கோயிலின் கிறிஸ்துமஸ் நாடகத்தில் வருஷா வருஷம் அவருக்கு ராஜா வேஷம். மூன்று ராஜாக்களில் முதல் ராஜாவுக்கும் இரண்டாம் ராஜாவுக்கும் வசனம் உண்டு. மூன்றாவது ராஜா கையிலுள்ள பெட்டியை வைத்துவிட்டு மண்டியிட்டுக் கிடக்க வேண்டியதுதான். ஜேசுராஜ் கல்யாணம் ஆகும்வரை அந்த மூன்றாவது ராஜாதான். அடுத்த வருஷமாவது பேச விடுவார்கள் என்று நம்பிக்கொண்டே இருந்தார். பிறகு அம்பத்தூர் எஸ்டேட்டில் ஃபிட்டர் வேலை, குடும்பம், மனைவி பிலோமினாவின் சாவு, கம்பெனி மூடல் என்று ஒவ்வொன்றாக வந்ததில் ஆசை எங்கோ மூலைக்குப் போய்விட்டது. செம்பரம்பாக்கம் பக்கம் ஒரு கிடங்கில் கேட் சூப்பர்வைசராகச் சேர்ந்தார்.

அந்த கேட்டுக்கு எதிரே ஒரு ஞாயிற்றுக்கிழமை நாலைந்து பையன்கள் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். அப்பாவாக நடிக்க வேண்டியவர் வரவில்லை, போனும் எடுக்கவில்லை. டைரக்டர் தமிழ்வாணன் தலையில் கைவைத்து உட்கார்ந்தவன், யூனிபார்மில் நின்ற ஜேசுராஜைப் பார்த்ததும் எழுந்து வந்தான்.

"அங்கிள், ஒரு சின்ன ஹெல்ப்பு. இவன எங்கப்பா மாரி நாலு திட்டு திட்டுங்க. இன்னா வேணா சொல்லுங்க, டப்பிங்ல மாத்திக்கலாம்."

எத்தனையோ வருஷமாகத் தேக்கிவைத்திருந்த மூன்றாவது ராஜா வாய் திறந்தார். பையனுக்கு உண்மையிலேயே முகம் வெளுத்துவிட்டது. படம் பிடித்த தேவா கேமராவை நிறுத்த மறந்து நின்றான். அன்றிலிருந்து அவர்தான் அப்பா.

தமிழ்வாணன் வேலப்பன்சாவடிக்காரன். காட்சித் தொடர்பியல் படித்துவிட்டு, பகலில் செல்போன் சர்வீஸ் கடையில் உட்கார்ந்திருந்தான். தலைக்குள் எந்நேரமும் சினிமா ஓடும். செகண்ட் ஷிப்ட் பிக்சர்ஸ் என்ற அவனுடைய கம்பெனியின் சொத்து என்று பார்த்தால் கேமரா தேவாவுடையது, லைட் சூரியனுடையது, வீடுகள் யார் யாருடையதோ. சத்தம்தான் யார் கட்டுப்பாட்டிலும் இல்லை. பைபாஸ் பக்கம் போனால் லாரி, ஆவடிப் பக்கம் போனால் ரயில், எங்கேயும் போகாமல் இருந்தால் நாய். அதனால் படப்பிடிப்பில் பதிவாகும் சத்தத்தை அவர்கள் ஒருபோதும் பயன்படுத்தியதில்லை. எல்லாப் படமும் ஊமையாகவே எடுக்கப்பட்டு, பிறகு டப்பிங்கில் வாய் பெறும்.

அதனால் ஒரு பழக்கம் வந்தது. வசனம் மறந்துபோனால் யாரும் நிறுத்த மாட்டார்கள். முகம் சரியாக இருந்தால் போதும், வாயில் எது வந்தாலும் பேசலாம். தேவிப்பிரியா என்ற பெண் காதலனைப் பிரியும் காட்சியில் தன் மாமியாரை வண்டி வண்டியாகத் திட்டித் தீர்த்திருக்கிறாள். 'நீ ஜெயிச்சு வருவடா' என்று ஜேசுராஜ் மகனை வழியனுப்பும் காட்சியைப் பார்த்து ஊரே உருகியது. படமெடுத்தபோது அவர் சொன்னது, சிலிண்டர்காரன் வந்தால் திருப்பி அனுப்பிவிடாதே என்பது. உதட்டை யார் பார்க்கிறார்கள், கண்ணைத்தான் பார்க்கிறார்கள் என்பது தமிழ்வாணனின் கட்சி. கேமரா முன்னால் பேசியது அங்கேயே செத்தது. அதை யாரும் வெளியே எடுத்துப் போனதில்லை, அப்புறம் கிண்டல் செய்ததுமில்லை. சட்டமாக யாரும் போடவில்லை, ஆனால் எல்லோரும் அதை நம்பித்தான் வாயைத் திறந்தார்கள்.

டப்பிங் நடப்பது ஜேசுராஜ் வீட்டில். பிலோமினாவின் மர பீரோவில் அவள் புடவைகள் அப்படியே அடுக்கியிருந்தன. துணி சத்தத்தை உறிஞ்சிக்கொள்ளும் என்று தமிழ்வாணன் கண்டுபிடித்தான். பீரோவைத் திறந்து, புடவைகளுக்கு நடுவே போனையும் தலையையும் நுழைத்துக்கொண்டு ஒவ்வொருவராகப் பேசுவார்கள். செத்துப்போன மனைவியின் பீரோவுக்குள் ஊர்ப் பிள்ளைகள் தலையை விடுவதை எந்த மனுஷன் அனுமதிப்பான்? ஜேசுராஜ் அனுமதித்தார். அவர்களுக்கு ரெனிதாதான் டீ போட்டுக் கொடுப்பாள். தமிழ்வாணனுக்குப் பசி பொறுக்காது என்று தெரிந்து தனியாக ஒரு தட்டு எடுத்து வைப்பாள். அவனும் அக்கா அக்கா என்று அவள் காலையே சுற்றுவான்.

ரெனிதாவுக்கு அப்பாவின் நடிப்பில் அப்படி ஒரு பெருமை. வேலப்பன்சாவடியில் ஒரு கல்லூரி அலுவலகத்தில் வேலை பார்த்தாள். படத்துக்கு வரும் கமெண்டுகளை மாலையில் வந்து உரக்கப் படித்துக் காட்டுவாள். ஜேசுராஜுக்கு ஒரே ஒரு குறைதான் இருந்தது. அவருக்கு அழ வராது. கோபம் வரும், ஏக்கம் வரும், கண்ணீர் மட்டும் வராது. கிளிசரின் போட்டு எடுத்த படத்தின் கீழே, 'அப்பாவுக்கு மெட்ராஸ் ஐ, யாராவது டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போங்க' என்று ஒருவன் எழுதிவிட்டான். அதைப் படித்துவிட்டு ரெனிதா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். ஜேசுராஜும் சிரித்தார், ஆனால் உள்ளே உறுத்தியது.

அம்மா போன நாளிலிருந்து ரெனிதாவுக்கு எதுவானாலும் முதலில் அப்பாதான். பஸ்ஸில் பின்னால் வந்த பையனைப் பற்றியும் அவரிடம்தான் சொன்னாள், ஜாபஸைப் பிடித்திருக்கிறது என்பதையும் அவரிடம்தான் சொன்னாள். ஜாபஸ் ஆவடிப் பையன். கோயில் பாடகர் குழுவில் கீபோர்டு வாசிப்பான். பங்கே அவனைத் தலையில் வைத்துக் கொண்டாடியது. கல்யாணம் சிறப்பாக நடந்தது. முதல் கல்யாண நாள் வருவதற்குள் ரெனிதா ஒரு பையோடு திரும்பி வந்துவிட்டாள். ஆவடியிலிருந்து கல்லூரிக்கு வந்துபோவது கஷ்டமாக இருக்கிறது, கொஞ்ச நாள் அப்பாவோடு இருக்கிறேன் என்று கேட்டவர்களிடம் சொன்னாள். அதை யாரும் நம்பவில்லை. ஆனால் வேறு எதுவும் யாருக்கும் தெரியவும் தெரியாது.

ஜேசுராஜ் கேட்கவில்லை. ஒரு மதியம் அவர் டேபிள் ஃபேனைப் பிரித்துப் போட்டு ரிப்பேர் பார்த்துக்கொண்டிருந்தபோது, துணி மடித்துக்கொண்டே அவளாகவே சொன்னாள். ஜாபஸ் அடிக்க மாட்டான். குரலை உயர்த்தவும் மாட்டான். கோபம் வந்தால் அவளை வெளியே தள்ளிக் கதவைச் சாத்திக்கொள்வான், அவ்வளவுதான். விடியும்வரை அவள் படிக்கட்டில் உட்கார்ந்திருப்பாள். காலை ஷிஃப்டுக்குப் போகிற மேல்வீட்டுக்காரர்கள் அவளைத் தாண்டித்தான் இறங்க வேண்டும். சாவியைத் தொலைத்துவிட்டேன், அவர் தூங்குகிறார், எழுப்ப மனசில்லை என்று அவர்களிடம் சிரித்துக்கொண்டே சொல்வாளாம். அடிக்கடி சாவி தொலைகிறதே என்று அவர்களும் சிரிப்பார்களாம்.

ஜேசுராஜ் தலை நிமிரவில்லை. முடுக்கிக்கொண்டிருந்த ஸ்க்ரூ மரை கழன்று சுற்றியது. சாப்பிட்டாயா என்று மட்டும் கேட்டார்.

"யாருக்கும் தெரியக் கூடாதுப்பா," என்றாள் ரெனிதா. "நான் ஃபாதர்கிட்ட பேசறேன், வக்கீல் பாக்கறேன், எல்லாம் நானே பாத்துக்கறேன். ஆனா அந்தப் படிக்கட்டு மட்டும் யாருக்கும் தெரியக் கூடாது. என்ன யாரும் ஐயோ பாவம்னு பாக்கக் கூடாது."

மாதா மேல் சத்தியம் என்றார் ஜேசுராஜ். அந்தச் சத்தியத்தை அவர் காப்பாற்றவும் செய்தார். பங்குத்தந்தையிடம் வாய் திறக்கவில்லை. பக்கத்து வீட்டுக் கன்னியம்மாள், அந்த ஊரின் பழைய குடும்பம், எவர் வீட்டுச் செய்தியையும் வாசனையிலேயே பிடித்துவிடுகிற மனுஷி, அவள் குடைந்து குடைந்து கேட்டும் ஒரு வார்த்தை பெயரவில்லை. பொருமிப் பொருமி உள்ளுக்குள்ளேயே வைத்துக்கொண்டார். ராத்திரி மகள் கதவைத் தாழ்ப்பாள் போடுகிற சத்தம் கேட்டால்கூட எழுந்து உட்கார்ந்துவிடுவார்.

இந்த நேரத்தில்தான் தமிழ்வாணன் புதுப் படம் ஆரம்பித்தான். புருஷன் வீட்டிலிருந்து திரும்பி வந்த மகள், அவளிடம் பேசத் தெரியாத அப்பா. கடைசிக் காட்சிவரை அப்பாவுக்கு வசனமே கிடையாது. இந்தக் கதை அவனுக்கு எங்கிருந்து வந்தது என்று கேட்க வேண்டிய அவசியமில்லை. அவர் வீட்டில்தான் அவன் சாப்பிட்டுக்கொண்டிருந்தான். ஜேசுராஜுக்கு முதலில் தயக்கம் இருந்தது. கதையில் மகள் பெயர் ரேவதி, அவள் திரும்பி வரும் காரணமும் வேறு. ரெனிதாவே படித்துவிட்டு நன்றாகத்தான் இருக்கிறது, நடியுங்கள் என்றாள்.

கடைசிக் காட்சியை அயனம்பாக்கத்தில் பாதி கட்டி நின்ற ஓர் அடுக்குமாடியில் எடுத்தார்கள். மகளாக நடித்த தேவிப்பிரியா படிக்கட்டில் முதுகைக் காட்டி உட்கார்ந்திருப்பாள். அப்பா கீழ்ப்படியில் நின்று பேசி அழ வேண்டும். அன்றைக்கு ஜேசுராஜின் சட்டைக்குள் தமிழ்வாணன் ஒரு சின்ன மைக்கைச் செருகினான். புதுசாக இருக்கிறதே என்று கேட்டதற்கு, டப்பிங்கில் உதடு பார்த்துப் பேச ஒத்தாசையாக இருக்கும் என்றான். எடுத்து எடுத்துப் பார்த்தார்கள், அழுகை வரவில்லை. கிளிசரின் தீர்ந்தது. வெயில் இறங்கிக்கொண்டிருந்தது. தமிழ்வாணன் அவரைத் தனியாக அழைத்துப்போனான்.

"அங்கிள், டயலாக்க வுடுங்க. அங்க ஒக்காந்துகினு கீறது ரெனி அக்கான்னு நெனச்சிக்கோங்க. அவுங்களாண்ட இன்னா சொல்லணும்னு தோணுதோ அத்த சொல்லுங்க. எப்டியும் நான் டப்பிங்ல மாத்திருவேன்."

படிக்கட்டில் ஒரு பெண் முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தாள். ஜேசுராஜ் அதைப் பார்த்தார். சாலையில் லாரி ஒன்று இரைந்து போனது. மகளிடம் சொல்ல முடியாததை, உலகத்தில் ஒருவரிடமும் சொல்லக் கூடாததைச் சொல்வதற்கு இதைவிடப் பத்திரமான இடம் கிடையாது என்று அவருக்குப் பட்டது. காற்றில் பேசி காற்றோடு போய்விடும்.

"ரெனி," என்றார். "ஆவடில ராத்திரியெல்லாம் அந்தப் படியிலயே ஒக்காந்துகினு இருந்தியேமா. ஊர்ல கீறவன்லாம் உன்னத் தாண்டித் தாண்டிப் போனான். சாவியத் தொலச்சிட்டேன்னு சிரிச்சியாமே. உங்கப்பன் ஊடு இங்கதானே கீது. இதுக்கு இன்னாத்துக்கும்மா சாவி?"

அதற்கு மேல் அவரால் முடியவில்லை. மூன்றாவது ராஜா, எஸ்டேட் ஃபிட்டர், கிளிசரினுக்கும் மசியாத மனுஷன், சிமெண்ட் பூசாத படியில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதார். திரும்பிப் பார்க்கக் கூடாத தேவிப்பிரியா திரும்பி அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். தமிழ்வாணன் ஓடிவந்து கட்டிப்பிடித்தான். அவன் கண்ணிலும் தண்ணீர் நின்றது, அது பொய்க் கண்ணீர் இல்லை. வீட்டுக்கு நடந்து வரும்போது ஜேசுராஜுக்குப் பாரம் இறங்கியிருந்தது. ரொம்ப நாளைக்கு அப்புறம் அன்றைக்குத்தான் நன்றாகத் தூங்கினார். அழ வந்துவிட்டது என்று மகளிடம் பெருமையாகச் சொன்னார். என்ன பேசினார் என்று அவள் கேட்கவில்லை. கேமரா முன்னால் என்ன பேசினார்கள் என்று அந்த வீட்டில் யாரும் யாரையும் கேட்பதில்லை.

அதன்பிறகு தமிழ்வாணனைக் காணோம். டப்பிங்குக்கு அழைப்பு வரும் வரும் என்று காத்திருந்தார். வேலை இருக்கிறது அங்கிள் என்றான், எடிட் போகிறது அங்கிள் என்றான். பிறகு ஒரு நாள் படம் முடிந்துவிட்டது, ஞாயிறு சாயங்காலம் வெளியாகிறது என்று போஸ்டர் அனுப்பினான். 'படிக்கட்டு' என்று பெயர் போட்டிருந்தது. ஜேசுராஜுக்குச் சுருக்கென்றது, ஆனால் படிக்கட்டில்தானே எடுத்தோம் என்று மகளிடமும் சொல்லிச் சமாதானமானார். அவரைக் குடைந்தது வேறு விஷயம். தன்னை விட்டுவிட்டு வேறு யாரையோ வைத்துத் தன் பகுதியைப் பேசவைத்துவிட்டானே என்று ஆற்றாமையாக இருந்தது. முகம் எனக்கு, குரல் இன்னொருத்தனுக்கா என்று ரெனிதாவிடம் புலம்பினார். குரல் நன்றாக இல்லையென்றால் நானே கமெண்டில் கிழிக்கிறேன் என்று அவள் தேற்றினாள்.

அவளேதான் எல்லோரையும் அழைத்தாள். அப்பா முதன்முதலாக உண்மையாக அழுத படம் என்று, அன்பியக் குழுவில் இருந்த அக்கம்பக்கத்துக் கிறிஸ்தவக் குடும்பங்கள், கன்னியம்மாள், அவள் மருமகள் என்று வீடு நிறைந்துவிட்டது. பஜ்ஜி போட்டாள். டிவியில் போனை இணைத்துப் பெரிதாகப் படத்தைத் தெரியவைத்தாள். ஜேசுராஜ் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு நடுவில் உட்கார்ந்தார்.

படம் ஆரம்பித்தது. மகள் பையோடு வாசலில் வந்து நின்றாள். அம்மாவாக நடித்தவள் உள்ளே பார்த்துக் கூப்பிட்டாள்: "இன்னாங்க, ரெனி வந்திருக்கா பாருங்க."

ரேவதி இல்லை, ரெனி. எல்லோரும் ரெனிதாவைத் திரும்பிப் பார்த்துச் சிரித்தார்கள். அவளும் வெட்கமாகச் சிரித்தாள்.  ஜேசுராஜுக்கு மட்டும்தான் அடுத்து வரப்போவது தெரியும். ரிமோட் யாரிடம் இருக்கிறது என்று தேடினார். பாதி கட்டிய அடுக்குமாடி வந்தது. படிக்கட்டில் பெண்ணின் முதுகு வந்தது. லாரி இரைச்சல்கூட அப்படியே வந்தது. அவருடைய சொந்தக் குரல், கரகரத்து, ரெனி என்றது.

அவர் எழுந்து போய் டிவிக்கு முன்னால் நின்றுகொண்டார். படத்தை மறைக்க முடிந்தது. குரல் அவர் முதுகுக்குப் பின்னாலிருந்து எல்லாவற்றையும் சொல்லிக்கொண்டே போனது. ஆவடி, படி, தாண்டிப் போனவர்கள், சாவி. கடைசியில் அவர் அழுகிற சத்தம் வீடு முழுக்கக் கேட்டது. முடிவில் 'ஓர் அப்பாவின் உண்மைக் கண்ணீர்' என்று எழுத்துப் போட்டதை, அவர் நகர்ந்து நின்ற பிறகு எல்லோரும் படித்தார்கள்.

முதலில் கன்னியம்மாள்தான் எழுந்தாள். ரெனிதாவின் தாடையைப் பிடித்துக்கொண்டு, இத்தனையையும் மனசுக்குள்ளேயே வைத்துக்கொண்டிருந்தாயா கண்ணு என்று கேட்டாள். யாரோ உச்சுக்கொட்டினார்கள். யாரோ முந்தானையால் கண்ணைத் துடைத்தார்கள். எதைக் கண்டு பயந்து இத்தனை நாள் சிரித்துக்கொண்டு திரிந்தாளோ, அது வீட்டுக்குள்ளேயே, அவள் அழைத்து உட்காரவைத்த நாற்காலிகளிலிருந்து எழுந்து வந்தது. ரெனிதா அசரவில்லை.

"அது கத ஆன்ட்டி. தமிழ்வாணன் எழுதினது," என்று சொல்லிவிட்டு எல்லோருக்கும் டீ கொடுத்தாள். ஒருவரும் நம்பவில்லை. நம்பவில்லை என்று தெரிந்தும் அவள் கடைசி ஆள் போகும்வரை அதையே சொல்லி அப்பாவின் மானத்தைக் காப்பாற்றினாள்.

எல்லோரும் போன பிறகு டம்ளர்களைக் கழுவினாள். ஜேசுராஜ் சமையலறை வாசலில் நின்றார். அவள் கத்தினால், எதையாவது தூக்கி எறிந்தால் நன்றாயிருக்கும் என்று இருந்தது. டப்பிங்கில் மாற்றிவிடுவேன் என்று சொன்னான், நான் நம்பிவிட்டேன் என்று திரும்பத் திரும்பச் சொன்னார். தெரியும்ப்பா என்றாள். அவன் செய்தது துரோகம் என்றார். ஆமாம்ப்பா என்றாள். பிறகு குழாயை மூடிவிட்டு, அவர் முகத்தைப் பார்க்காமலேயே கேட்டாள்:

"நான் சொன்னப்ப உனக்கு அழுகை வரலியேப்பா. ஃபேனத்தான பாத்துட்டு இருந்த?"

  மகள் முகத்துக்கு நேரே உடைந்துபோகக் கூடாது என்றுதான் அன்றைக்கு ஸ்க்ரூவைப் பிடித்துக்கொண்டிருந்தார். இப்போது அதைச் சொன்னால் அதுவும் வசனம் மாதிரித்தான் இருக்கும் என்று அவருக்கே தோன்றியது.

மறுநாள் வேலப்பன்சாவடிக்குப் போனார். தமிழ்வாணன் கடையை விட்டு இறங்கி வந்து, அங்கிள் பார்த்தீர்களா, எத்தனை லட்சம் பேர், ஒரு பெரிய கம்பெனியிலிருந்து கூப்பிட்டிருக்கிறார்கள் என்று ஆரம்பித்தான். அவர் முகத்தைப் பார்த்ததும் சுருதி இறங்கியது. நீங்கள் நடிக்கிறீர்கள் என்றுதான் நினைத்தேன் அங்கிள், நிஜம் என்று எனக்கெப்படித் தெரியும் என்றான்.

அவன் இதைச் சொல்வான் என்று ஜேசுராஜ் எதிர்பார்த்துத்தான் வந்திருந்தார். காலையிலேயே தேவிப்பிரியா அவருக்குப் போன் செய்து அழுதிருந்தாள். மற்ற எல்லோரையும் கூப்பிட்டு, ரேவதி வந்த இடத்திலெல்லாம் ரெனி என்று மாற்றிப் பேசவைத்தானாம். ஜேசுராஜ் அங்கிள் சம்மதித்துவிட்டார் என்று சொன்னானாம். யாரோ ஒரு நண்பனின் அறையில் கம்பளியைப் போர்த்திக்கொண்டு டப்பிங் நடந்திருக்கிறது. ஒருத்தர் அழுகைக்கு ஏற்றபடி ஒரு படத்தையே மாற்றியவனுக்கு அது நிஜம் என்று தெரியாதா?

"எல்லார் வாயிலயும் ரேவதிய ரெனின்னு மாத்தத் தெரிஞ்சிது. என் வாயில வந்த என் பொண்ணு பேர மட்டும் மாத்த வர்லியா உனக்கு?" என்று கேட்டார் ஜேசுராஜ்.

தமிழ்வாணன் கீழே பார்த்தான். "கை வர்ல அங்கிள்," என்றான். "அந்த மாரி ஒரு ஷாட்டு இனிமே எனக்கு எப்பக் கெடைக்கும்?"

அதுதான் உண்மை. அவன் சொன்னதிலேயே அது ஒன்றுதான் உண்மை. அவருக்கு அவன் கன்னத்தில் ஒன்று விட வேண்டும் போலிருந்தது. கூடவே, காலைச் சாப்பாடு சாப்பிட்டானோ என்னவோ என்று பழைய ஞாபகத்தில் ஒரு நினைப்பும் வந்தது. அந்த நினைப்பின் மேல்தான் அவருக்குக் கோபம் கோபமாக வந்தது. படத்தை எடுத்துவிடு என்று மட்டும் சொன்னார். எடுத்துவிடுகிறேன் என்றான். அந்தப் பெரிய கம்பெனிக்காரர்கள் பார்த்து முடிக்கும்வரை எடுக்கவில்லை. எடுத்தபோது அதனால் எந்தப் பயனும் இல்லை. அவர் அழுகிற துண்டை மட்டும் வெட்டி, சோகப் பாட்டைச் சேர்த்து, கண்டவர்களெல்லாம் போட்டுக்கொண்டிருந்தார்கள்.

ஷேர் ஆட்டோவில் ஏறினால் பெண்கள் அவர் கையைப் பிடித்துக்கொண்டு, பொண்ணு இப்போது எப்படி இருக்கிறது என்று கேட்டார்கள். கல்லூரியில் பிள்ளைகள் ரெனிதாவைக் கண்டால் பேச்சை நிறுத்தினார்கள். ஜாபஸ் வீட்டார் பங்குத்தந்தையிடம் போய், அப்பனும் மகளும் எங்களை வைத்துப் படம் காட்டுகிறார்கள் என்று பிராது கொடுத்தார்கள். வேறு ஒரு சேனல்காரன் புது அப்பா வேஷத்துக்குக் கூப்பிட்டான். ஜேசுராஜ் அந்த நம்பரையே தடுத்துவைத்தார். கிடங்கு கேட்டில் உட்கார்ந்தார், வந்தார், சாப்பிட்டார்.

ரெனிதா கோபித்துக்கொண்டு ஒதுங்கவில்லை. காலையில் டீ கொடுப்பாள். மாத்திரை போட்டாயா என்பாள். ஏரிப் பக்கம் கொசு அதிகம், ஜன்னலை மூடு என்பாள். ஆபீஸில் என்ன நடந்தது என்று அவர் கேட்டால், ஒன்றுமில்லையே என்பாள். வக்கீலைப் பார்த்தாயா என்றால், பார்க்கணும்ப்பா என்பாள். முன்பெல்லாம் செருப்பைக் கழற்றும்போதே ஆரம்பிக்கிற பேச்சு. வெளியிலிருந்து பார்க்கிறவர்களுக்கு அந்த வீட்டில் எதுவும் மாறியதாகத் தெரியாது.

அடுத்த வருஷம், மழை பிடிப்பதற்கு முன்னால் ஒரு மாலை, ஜேசுராஜ் வாசலில் சைக்கிளைத் துடைத்துக்கொண்டிருந்தார். காம்பவுண்டுக்கு அந்தப் பக்கம் துணி எடுத்துக்கொண்டிருந்த கன்னியம்மாள் அவரைக் கூப்பிட்டாள்.

"இன்னாண்ணா, ரெனிக்குக் கோயமுத்தூர்ல வேல கெடச்சிடுச்சாமே? சனிக்கெழம கெளம்புதாம். டைவர்ஸ் கேசுகூட முடிஞ்சிருச்சுன்னு சொல்லிச்சே."

ஜேசுராஜின் கையிலிருந்த துணி நின்றது. கோயமுத்தூர். சனிக்கிழமை. கேஸ் முடிந்துவிட்டது. மூன்றையும் அவர் அப்போதுதான் கேட்கிறார். கன்னியம்மாள் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஏன், உன்னாண்ட சொல்லலியா?"

ஜேசுராஜ் சிரித்தார். நன்றாகவே சிரித்தார்.

"சொல்லாம இருக்குமா?" என்றார். "எங்கிட்டதான் மொதல்ல சொல்லிச்சு."